கேட்கக் கேட்கச் சுரக்கும்!

தங்கையே, விடுப்பு முடிய இன்னும் சில வாரங்கள்தான். அதற்குள் ஆளுக்கு ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "வேலைக்குப் போறதுன்னா இப்பவே பாலை மறக்கடிச்சுடு, அப்புறம் பிள்ளை ஏங்கிப்போகும்" என்கிறார் ஒருவர். "பச்சைப் பிள்ளையை விட்டுட்டு அப்படி என்ன சம்பாத்தியம் வேண்டிக்கிடக்கு?" என்கிறார் இன்னொருவர். "உனக்குப் பால் பத்தலை, பவுடரைக் கரைச்சுக் கொடு" என்கிறார் மூன்றாமவர். அலுவலகத்திலிருந்து வரும் அழைப்போ, "எப்போ ஜாயின் பண்றீங்க?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

இத்தனை பேர் பேசுகிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?

உன் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு ஒன்றே ஒன்றுதான். "நான் வேலைக்கும் போவேன். என் பிள்ளைக்குப் பாலும் கொடுப்பேன். அதற்கு எனக்கு இன்னின்னது வேண்டும்." தலை நிமிர்ந்து, குரல் நடுங்காமல் இதை நீ சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். பிறந்த அன்றே பிள்ளைக்குத் தெரிந்துவிட்ட அந்த வித்தையை அம்மா மட்டும் ஏன் மறந்துபோனாள்? வலித்தாலும் கேட்பதில்லை. பசித்தாலும் கேட்பதில்லை. தூக்கம் கண்ணைக் கட்டினாலும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே நல்ல பெண்ணுக்கு அழகு என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்துவிட்டார்கள். இன்றோடு அந்தப் பாடத்தைத் தூக்கி எறி. உன் உடம்பிடம் கேள். உன் வீட்டிடம் கேள். உன் முதலாளியிடம் கேள். உன் அரசிடம் கேள். கேட்கிறவளுக்குத்தான் சுரக்கும்.

உன் உடம்பு உன் பக்கம்தான்

முதலில் ஒரு பொய்யை உடைப்போம். வேலைக்குப் போனால் பால் வற்றிவிடும் என்பது அந்தப் பொய். வேலை எந்தப் பாலையும் வற்றவைத்ததில்லை. மணிக்கணக்கில் பாலை எடுக்காமல் மார்பிலேயே தேங்கவிடுவதுதான் வற்றவைக்கிறது.

பிள்ளை சப்பும்போது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் கிளம்புகிறது. அது பாலை உண்டாக்குகிறது. கூடவே ஆக்சிடோசின் வருகிறது. அது உண்டான பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. மார்பு காலியானால் "இன்னும் வேண்டும்" என்று உடம்பு புரிந்துகொண்டு மேலும் சுரக்கிறது. நிறைந்தபடியே நின்றால் "போதும்" என்று சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. கேட்பது பிள்ளையின் வாயாக இருக்கலாம், உன் கையாக இருக்கலாம், ஒரு பம்பாக இருக்கலாம். எதுவானாலும், கேட்கக் கேட்கச் சுரக்கும்.

பால்சுறாப் புட்டு செய்து தருகிறார்களா? சாப்பிடு. பூண்டும் வெந்தயக் கஞ்சியும் வருகின்றனவா? வயிறாரச் சாப்பிடு. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஊட்டம் வேண்டும், தண்ணீர் வேண்டும், தூக்கம் வேண்டும். ஆனால் எந்தப் பத்தியமும், எந்த மருந்தும், பாலை ஒழுங்காக வெளியே எடுப்பதற்கு ஈடாகாது என்பதை மனதில் எழுதிக்கொள்.

இன்னொன்றும் தெரிந்துகொள். பயமும் பதற்றமும் ஆக்சிடோசினைத் தடுத்து நிறுத்தும். பால் உள்ளே இருக்கும், இறங்காது. "எனக்கு வராது, எனக்குப் பத்தாது" என்று நடுங்குகிற தாய்க்குப் பால் இறங்கத் தாமதமாவது இதனால்தான். ஆகவே உன் விஷயத்தில் தன்னம்பிக்கை என்பது மேடைப் பேச்சு கிடையாது. உன் உடம்பு கேட்கும் மருந்து. தோளைத் தளரவிடு. ஆழமாக நான்கு மூச்சு இழு. கைபேசியில் பிள்ளையின் படத்தைப் பார். பிள்ளை போட்டுக் கழற்றிய சட்டையை முகர்ந்து பார். பால் இறங்கும்.

பால் பத்தவில்லை என்று யாராவது சொன்னால் பிள்ளையைப் பார்த்து முடிவு செய். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா? மாதா மாதம் எடை கூடுகிறதா? அப்படியென்றால் பால் பத்துகிறது. பிள்ளை அழுவதெல்லாம் பசியால் கிடையாது. எடை கூடவில்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் போ. பக்கத்து வீட்டாரின் அபிப்பிராயத்தை வைத்து உன் மார்பை நீயே சந்தேகப்படாதே.

கணக்கு தெரிந்தால் கலக்கம் போகும்

"நாள் முழுக்க நான் இல்லையென்றால் லிட்டர் கணக்கில் பால் வேண்டுமே!" என்று மலைக்கிறாயா? கணக்குப் போடு. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 முதல் 800 மில்லி வரை குடிக்கிறது. இது 24 மணி நேரத்துக்கான அளவு. பயணத்தையும் சேர்த்து நீ பத்து மணி நேரம் வெளியே இருந்தால், கிட்டத்தட்ட 300 மில்லி போதும். மிச்சத்தை உன் மடியில் குடித்துக்கொள்ளும். மலையென்று நினைத்தது ஒரு சின்னச் செம்பில் அடங்கிவிட்டதா? பயத்தை எப்போதும் அளந்து பார், தங்கையே. அளக்காத பயம்தான் பெரிதாகத் தெரியும்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பாலை எடுத்துப் பழகு. கையால் எடுப்பது செலவில்லாத வித்தை. மின்சாரம் போனாலும் கைவிடாது. சோப்புப் போட்டுக் கை கழுவு. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் கட்டை விரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வை. முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்து. பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழிந்து விடு. காம்பைப் பிடித்து இழுக்காதே. விரல்களை வட்டமாக நகர்த்தி எல்லாப் பக்கமும் காலி செய். வசதி இருந்தால் கைப் பம்போ மின் பம்போ வாங்கிக்கொள். முதல் நாள் பாத்திரத்தின் அடிப்பக்கம் நனைகிற அளவுதான் வந்ததா? சோர்ந்து போகாதே. பம்பில் வருவது உன் சுரப்பின் முழு அளவைக் காட்டாது. பிள்ளையின் வாய் எடுக்கிற அளவுக்குப் பம்ப் எடுக்காது. விடாமல் செய். கூடும்.

எடுத்த பாலைப் பாதுகாப்பதிலும் ஒழுங்கு வேண்டும். மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் 60 முதல் 100 மில்லி வரை சிறு சிறு பங்காகப் பிரித்து வை. ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் எழுது. 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் சித்திரை வைகாசி வெயிலில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? ஆகவே எடுத்த உடனே குளிர்பெட்டியில் வை, அல்லது ஐஸ் பேக் போட்ட பையில் வை. குளிர்பெட்டியின் கதவுப் பக்கம் வைக்காதே. உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். பழையதை முதலில் எடுக்கச் சொல். அடுப்பில் கொதிக்க வைக்கக் கூடாது, மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை நிறுத்தினால் போதும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

புட்டி இல்லாமல் எப்படிக் கொடுப்பது? பாலாடையும் சங்கும் நம் வீடுகளில் இருக்கின்றனவே! குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இன்றுவரை பாலாடையில் பால் புகட்டுகிறார்கள். கழுவுவது எளிது, கொதிநீரில் போட்டு எடுப்பது எளிது. பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் கையாலேயே இப்போதிருந்து பழக்கு. நீ பக்கத்தில் நின்றால் பிள்ளை உன் வாசனையைத் தேடும். அந்த நேரம் நீ அடுத்த அறைக்குப் போய்விடு.

வேலை நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலை எடு. புறப்படும் முன் ஒரு முறை பிள்ளைக்குக் கொடு, வந்து செருப்பைக் கழற்றியதும் ஒரு முறை கொடு. இரவில் புரோலாக்டின் அதிகமாகச் சுரக்கும். இரவுப் பாலை நிறுத்தாதே. பகலில் உன்னைப் பிரிந்திருந்த பிள்ளை இரவில் அதிகம் குடிக்கும். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதே. பகல் பங்கை வாங்கிக்கொள்கிறது. விடுமுறை நாளில் பாலாடையும் சங்கும் வேண்டாம், நேராக மடிதான். மார்பு கட்டிக்கொண்டு, சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பார். பயந்துபோய்ப் பாலை நிறுத்திவிடாதே. எடுக்காமல் விட்டால் கட்டு இன்னும் இறுகும்.

யாரும் தானாகத் தரவில்லை

இனி சட்டத்துக்கு வருவோம். பேறுகாலச் சம்பளமும் பாலூட்டும் இடைவேளையும் முதலாளிகளின் மனம் இளகி வந்தவை என்று நினைக்கிறாயா? ஒவ்வொன்றும் கேட்டு வாங்கியது.

1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே, பாலூட்டும் தொழிலாளிக்கு வேலை நேரத்தில் இரண்டு அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்று எழுதியது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது, அது தொழிலைக் கெடுக்கும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. டாக்டர் அம்பேத்கர் எழுந்து, பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதாடினார். 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது. 1934இல் சென்னை மாகாணத்திலும் வந்தது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண் தொழிலாளர் உள்ள ஆலைகளில் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள்; மலையேறிக் கொழுந்து பறித்து, இடையில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலையேறிய பெண்களின் கால்தடம் அந்த வாசலில் இருக்கிறது. 1961இல் இந்தியா முழுமைக்குமான பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. 2000இல், தில்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை வேலை செய்த பெண்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெயிலில் கல் சுமந்த பெண்கள் கேட்டார்கள், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் "உண்டு" என்றது.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2011இல் ஆறு மாதமாக இருந்த விடுப்பு, 2016இல் ஒன்பது மாதமாகி, 2021இல் ஒரு வருடமாயிற்று. அடுத்தடுத்து ஏறிய இந்தப் படிகளைப் பார்த்துக்கொள். ஏறியது போதும் என்று யாரும் உட்காரவில்லை.

உன் கையில் இருக்கும் ஆயுதம்

தனியார் நிறுவனத்தில் இருக்கிறாயா? பேறுகாலப் பயன் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் உனக்கு என்ன தந்தது என்று கேட்டுக்கொள். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். இந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உன் உடல்நிலை இடம் கொடுத்து, மருத்துவரும் சம்மதித்தால், விடுப்பில் பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பின்னால் வைத்துக்கொள். 26 வாரம் என்றால் 182 நாள், ஏறத்தாழ ஆறு மாதம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே ஆறு மாதம்தான். நீ வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளை பருப்புச் சாதம் குழைத்து ஊட்டும் பருவத்துக்கு வந்திருக்கும். பகல் பாலின் பாரமும் குறையும்.

அதோடு முடியவில்லை. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல், தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உன் உரிமை. 50 அல்லது அதற்கு மேல் பணியாளர் உள்ள நிறுவனம் பிள்ளைக் காப்பகம் அமைத்தாக வேண்டும். நீ ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். வேலையின் தன்மை இடம் தந்தால், பேசி ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்தும் வேலை பார்க்கலாம். வேலைக்குச் சேர்க்கும்போதே இந்த உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. பேறுகால விடுப்பில் இருப்பவளை வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த 26 வாரத்தையும் 15 மாத இடைவேளையையும் காப்பகத்தையும் அப்படியே ஏற்றிருக்கிறது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களென்றால் பேறுகாலப் பணம் அதன் வழியாக வரும். அட்டையை எடுத்துத் தூசி தட்டு.

"அப்படியெல்லாம் இங்க வழக்கம் இல்லையேம்மா" என்று மேலாளர் சொல்வார். வழக்கம் இல்லையென்றால் உன்னோடு தொடங்கட்டும்! வாயால் மட்டும் கேட்காதே, எழுதிக் கேள். இப்படி எழுது:

"பேறுகால விடுப்பு முடிந்து அடுத்த மாதம் முதல் தேதி பணிக்குத் திரும்புகிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை எனக்கு உரிய இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3.30 மணிக்கும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அந்த நேரத்தில் பாலை எடுப்பதற்கு, உள்ளே தாழிடக்கூடிய ஓர் அறையும் நாற்காலியும் மின் இணைப்பும், பாலை வைக்கக் குளிர்பெட்டியில் சிறிது இடமும் ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒரு கெஞ்சல் உண்டா? ஒரு சண்டை உண்டா? தேவை என்ன என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. நகல் ஒன்றை வைத்துக்கொள். பதில் வரவில்லையென்றால் மறுபடி எழுது. மறுத்தால் தொழிலாளர் துறை இருக்கிறது. ஆய்வாளரிடம் புகார் கொடு. தனியாகப் போகத் தயக்கமா? உன்னோடு வேலை செய்யும் கர்ப்பிணிப் பெண்ணையும், அடுத்த ஆண்டு கல்யாணமாகப் போகிற பெண்ணையும் கையெழுத்துப் போடச் சொல். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே தேய்ந்த மாநிலம் இது. 2021இல் அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. உட்காரக் கேட்டவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. பாலூட்டக் கேட்கிறவர்களுக்கு அறை கிடைக்காதா?

ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளாதே. கழிவறையைக் காட்டி, "அங்க போய் எடுத்துக்கோங்க" என்று சொன்னால் முடியாது என்று சொல். பிள்ளையின் சாப்பாடு அது. எந்த மேலாளரும் தன் மதியச் சோற்றைக் கழிவறையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

வெளியில் போகும்போதும் கூசாதே. 2015 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பூட்டிக் கிடந்தால் சாவி கேள். மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தால் எடுக்கச் சொல். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பசித்த பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் தலை குனிய வேண்டியதில்லை. வெறித்துப் பார்க்கிறவன் குனியட்டும்.

வீட்டுக்குள் ஒரு பேச்சுவார்த்தை

அலுவலகத்தில் பேசிவிட்ட பெண்கள்கூட வீட்டில் வாயை மூடிக்கொள்கிறார்கள். அங்கேதான் முதலில் பேச வேண்டும்.

கணவனை உட்காரவைத்துப் பேசு. "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பார். சொல்! பொத்தாம் பொதுவாகச் சொல்லாதே. வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடு. பாத்திரங்களையும் பம்பின் பாகங்களையும் கொதிநீரில் போட்டு எடுப்பது அவர் வேலை. இரவில் துணி மாற்றுவது அவர் வேலை. காலையில் பால் எடுத்து முடிக்கும்வரை பெரிய பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவது அவர் வேலை. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மீதி எல்லாவற்றையும் ஓர் ஆணின் கை செய்யும். பெற்றது இருவரும், வளர்ப்பதும் இருவரும்.

மாமியாரையும் அம்மாவையும் உன் பக்கம் சேர்த்துக்கொள். "அத்தை, நான் எடுத்து வெச்ச பாலை நீங்க பாலாடையில கொடுத்தாத்தான் என்னால நிம்மதியா வேலை பார்க்க முடியும்" என்று சொல்லிப் பார். ஊருக்கெல்லாம் பிள்ளை வளர்த்துக் கொடுத்த கைகள் அவை. பாலைச் சேமிக்கும் முறையை மருத்துவரே அத்தையிடம் நேரில் சொல்லும்படி, அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போ. பார்த்துக்கொள்ள யாருமே இல்லாத வீடா? அலுவலகத்துக்குப் பக்கத்தில் காப்பகம் தேடு. இடைவேளையில் போய் வரக்கூடிய தூரம், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆட்கள், சுத்தம், குளிர்பெட்டி, இந்த நான்கையும் உன் கண்ணாலேயே பார்த்துவிட்டுச் சேர்.

உன் தூக்கத்தையும் கேட்டு வாங்கு. சனி ஞாயிறில் விருந்தாளி வந்தால் வடை சுட வேண்டியது நீ மட்டும்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டம் எட்டாத இடத்தில்

கட்டட வேலைக்குப் போகிற தாய் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வீட்டு வேலை செய்கிறவள், காய்கறிக் கூடை தூக்குகிறவள், நாற்று நடுகிறவள் கேட்டுக்கொண்டிருக்கலாம். எனக்கு எங்கே 26 வாரம், எனக்கு எங்கே ஏசி அறை என்று நீ கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உன் கோபம் நியாயமான கோபம்.

ஆனால் உனக்கும் வாசல்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி பெறலாம். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய். 1996இன் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று எழுதியது. மேஸ்திரியிடம் கேள், சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள். நூறு நாள் வேலையில், சிறு பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி தர வேண்டும் என்றே விதி எழுதினார்கள். மரக்கிளையில் தூளி கட்டி, கல் சுமப்பதற்கு நடுவே ஓடி வந்து பால் கொடுக்கிறாயே, அந்த வைராக்கியத்துக்கு முன்னால் பெரிய பெரிய பதவிகள் எல்லாம் சின்னவை. அந்த வைராக்கியத்தை உன் உரிமையைக் கேட்பதிலும் காட்டு.

ஏசி அறையில் இருக்கும் தங்கையே, உனக்கும் ஒன்று. உன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பால் குடிக்கும் பிள்ளை இருந்தால், அவளுக்கு நீதான் முதலாளி. உன் நிறுவனத்திடம் நீ கேட்ட விடுப்பையும் இடைவேளையையும் அவளுக்கு நீ கொடு.

குற்ற உணர்ச்சிக்குக் கதவடை

அலுவலகத்தில் இருக்கும்போது பிள்ளைக்குத் துரோகம் செய்வதாக ஓர் உறுத்தல். வீட்டில் இருக்கும்போது வேலைக்குத் துரோகம் செய்வதாக ஓர் உறுத்தல். இரண்டு பக்கமும் உன்னைத் தின்கிற இந்த உறுத்தலை வாசலிலேயே நிறுத்து. உன் சம்பளம் பிள்ளையின் தடுப்பூசி, பிள்ளையின் பள்ளி, பிள்ளையின் எதிர்காலம். உன் படிப்பும் திறமையும் நீ பட்டபாட்டின் பலன். பிள்ளை பெற்றதால் அவற்றில் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

எல்லாம் செய்தும் பால் குறைந்துவிட்டதா? உடல்நலக் காரணத்தால் கொடுக்கவே முடியவில்லையா? நீ தோற்றுவிடவில்லை. முழுதாகக் கொடுக்க முடியாவிட்டால் பாதி கொடு. பகலில் முடியாவிட்டால் இரவில் கொடு. நீ கொடுக்கிற ஒவ்வொரு துளியும் பிள்ளையின் உடம்பில் காவலாக நிற்கும். மருத்துவர் சொல்லிப் பவுடர் பால் கொடுத்தால் நிமிர்ந்து நின்று கொடு. தாய்மை உன் மடியிலும் உன் அக்கறையிலும் இருக்கிறது. அதை யாரும் மில்லியில் அளக்க வந்தால் வாசலைக் காட்டு.

ஆனால் பயமுறுத்தி யாரும் உன்னிடம் டப்பாவை விற்க இடம் கொடுக்காதே. 1992இன் சட்டப்படி இந்தியாவில் குழந்தைப் பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வது தடை. இலவச மாதிரியும் தாய்மாருக்குத் தரக் கூடாது. தாய்ப்பாலின் மதிப்பு தெரிந்ததால்தான் அந்த வேலி. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, உலகம் முழுவதும் தாய்ப்பால் கொடுப்பது போதிய அளவுக்கு உயர்ந்தால் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் காக்க முடியும் என்று கணக்கிட்டது. மார்பகப் புற்றுநோயால் இறக்கும் தாய்மாரில் இருபதாயிரம் பேரையும் காக்கலாம் என்றது. உன் பால் பிள்ளையைக் காக்கிறது, உன்னையும் காக்கிறது. அதற்காக ஒரு நாளில் இரண்டு இடைவேளை கேட்பது பெரிய கோரிக்கையா? நாடே உனக்குத் தர வேண்டிய கடன் அது.

இன்றே தொடங்கு

நாளைக்கு என்று தள்ளாதே. இன்று இரவு கணவனோடு உட்கார்ந்து வேலைகளைப் பிரி. நாளை காலை ஐந்து நிமிடம் கையால் பால் எடுத்துப் பழகு. இந்த வாரத்துக்குள் அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பு. முதல் வாரம் தடுமாறும். ரவிக்கை நனையும், மாற்று உடை ஒன்றும் சுத்தமான பருத்தித் துணியும் பையில் இருக்கட்டும். கூட்டத்தின் நடுவே எழுந்து போக வேண்டி வரும், எழுந்து போ. திரும்பி வந்து உன் வேலையை எல்லாரையும் விட நேர்த்தியாக முடி. சில வாரத்தில் உடம்பு பழகும், பிள்ளை பழகும், வீடு பழகும், அலுவலகமும் பழகும்.

அறை கிடைத்ததும் உன் வேலை முடிந்தது என்று நினைக்காதே. கதவில் ஒரு பலகை மாட்டச் சொல். உள்ளே நல்ல நாற்காலி போடச் சொல். உன் பிள்ளைக்கு 15 மாதம் நிறைந்த பிறகும் அந்த அறையை யாரும் கோப்புகள் அடுக்கும் கிடங்காக மாற்றிவிடாமல் காவல் இரு. அடுத்துக் கர்ப்பமாகும் பெண்ணை நீயே கூப்பிட்டு, எந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது, பாலை எங்கே வைப்பது, எந்த மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடு. உனக்கு முன்னால் கேட்டவர்களால்தான் உனக்கு 26 வாரம் கிடைத்தது. உனக்குப் பின்னால் வருகிறவளுக்கு நீ என்ன வாங்கி வைக்கப் போகிறாய்?

நீ கேள், தங்கையே. உரக்கக் கேள். விடாமல் கேள். உனக்குப் பின்னால் வருகிறவள் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத நாள் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு!